மணி அடிக்கையில் எழுதிய நாலு

பிப்ரவரி 3, செவ்வாய்

பள்ளி கோல்ஃப் மைதானத்தில் மூன்றாம் குழியின் கொடி மறுபடி சாய்ந்து நிற்கிறது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. புல் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கொடி நேராத்தாம்மா நிக்குது. உங்க ஜன்னல்தான் சாய்ஞ்சிருக்கு."

நாற்பது வருடமாக ஒரே மைதானத்தில் புல் வெட்டுகிறவருக்கு இந்த வாய் வந்துதான் தீரும். ஆனாலும் போய்க் கொடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

கோப்பைப் போட்டிக்கான கார்டுகள் பள்ளி அலுவலகத்திலிருந்து அச்சாகி வந்தன. ஒன்பது குழிகளில் எட்டுக்குத்தான் கட்டம் இருந்தது. திருப்பி அனுப்பினேன். உண்டுறைப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒன்பது வரை எண்ணத் தெரிய வேண்டாமா?

பிப்ரவரி 5, வியாழன்

போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர். பி.டி. மாஸ்டர் வழக்கம்போல் முதல் வரியில். கடைசி வரியில், பச்சை மையில், விடுதி மேட்ரன்.

அவள் ஆடத் தொடங்கியதே நாற்பத்தாறு வயதில். ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய திங்கட்கிழமை மதியங்களில், யாரோ வேண்டாமென்று போட்ட ஐந்து மட்டைகளை வைத்துக்கொண்டு தானாகப் பழகினாள். ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி வீசுவாள். பார்க்க லட்சணமாக இருக்காது. பந்து மட்டும் நேராகப் போகும்.

மார்ச் முப்பத்தொன்றோடு அவளுக்குப் பணி ஓய்வு. அதற்குப் பிறகு வெளியாள். வெளியாட்களுக்கு மைதானத்தில் இடமில்லை. ஒரே விதிவிலக்கு, கோப்பையை வென்றவர் ஆயுள் உறுப்பினர். எங்கே குடியிருந்தாலும் கேட்டைத் திறந்துவிட வேண்டும்.

கார்டுகளைத் திரும்ப வாங்கிவரப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். "என்ன, இந்த வருஷம் ரோஷம் வந்துடுச்சா?" என்றேன்.

"ஜெயிச்சா அந்தக் கேட்டுக்காரர் எனக்கு சல்யூட் அடிக்கணும்மா. பன்னண்டு வருஷமா 'எங்க போறே'ன்னுதான் கேக்கறாரு."

"ஜெயிக்கலைன்னா?"

சிரித்தாள். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் பார்த்திருக்கேன். அங்கிருந்து பஸ்ல வந்தா வேலி வரைக்கும் இருபது நிமிஷம். கம்பியைப் பிடிச்சிட்டு நின்னு பார்க்க வேண்டியதுதான்."

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆசிரியர்கள் மேஜையில் புதிதாக வந்திருக்கும் வேதியியல் ஆசிரியை கேட்டாள், "சொந்தப் புருஷனையே போட்டியிலிருந்து நீக்கினது நீங்கதானாம்மா?"

ஆமாம், நான்தான். முப்பத்தொரு வருடம் ஆகிறது. அவர் இங்கே கணக்கு வாத்தியாராக இருந்தார்; இறந்து ஒன்பது வருடம். கடைசி இரண்டு குழிகளை அளந்து அமைத்தவரே அவர்தான். எல்லோரையும்விடக் குறைந்த அடிகளில் முடித்து அந்த வருடக் கோப்பையில் முதலாவதாக வந்தார். ஏழாம் குழியில் ஐந்து அடி அடித்துவிட்டு, நாலு என்றிருந்த கார்டில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். உடன் ஆடியவர் மாலையில் சுட்டிக்காட்டினார். அடித்ததைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டால் நீக்கம். விதி அவ்வளவுதான். கார்டுகளைச் சரிபார்க்கும் செயலாளர் அப்போதும் நான்தான். நீக்கினேன். இரவு ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டார். "கையெழுத்து என்னுதுதானே" என்றார். அதோடு முடிந்தது.

ஆசிரியை வாயைப் பிளந்தாள். இந்தக் கதையை நான் சொல்ல அலுத்ததில்லை.

மகள் தொலைபேசியில். வலது கண் மங்கல் பற்றி. "டாக்டரைப் பார்த்தியா இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லும்மா." போட்டி முடியட்டும் என்றேன். அது இரண்டு வார்த்தையாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

பென்சில்கள் சீவியாயிற்று. பதினொன்று. எனக்கொன்று தனி.

பிப்ரவரி 14, சனி

காலையில் பனி. ஒன்பது மணிக்கு விலகிவிட்டது.

இங்கே ஒவ்வொரு ஆட்டக்காரருடனும் ஒரு மார்க்கர் நடந்து வந்து, எந்தக் குழியில் எத்தனை அடி என்று எழுத வேண்டும். முடிந்ததும் இருவரும் கையெழுத்திட வேண்டும். மார்க்கரைக் கேட்டு வாங்காதவர்களுக்குச் சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மேட்ரன் வந்தாள்.

நன்றாக ஆடினாள் என்று எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. மூன்றாம் குழியில் சலவைக்கொடிகளுக்குப் பின்னால் பந்து போயிற்று. தான் மடித்த போர்வைகளுக்கு நடுவிலிருந்தே அதைத் திருப்பி அடித்தாள். ஐந்தில் மணல் பள்ளத்திலிருந்து ஒரே அடியில் வெளியே. ஏழில், கொடியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில், தூரத்திலிருந்து உருட்டினாள். பந்து குழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது பத்தே முக்கால் மணி அடித்தது.

மணி அடித்தால் மட்டையைத் தரையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். வகுப்பறைகளிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் பாதை ஏழாம் குழியை உரசிக்கொண்டு போகிறது. கடைசிப் பிள்ளை கடந்த பிறகே ஆட்டம். நான்கு நிமிடம், சில நாள் ஆறு. மற்ற மார்க்கர்கள் அந்த நேரத்தில் பராக்குப் பார்ப்பார்கள். நான் அந்தக் குழியின் எண்ணை எழுதி, அதுவரைக்கும் கூட்டியும் வைத்துவிடுவேன். வழி விட்டதும் நேராக எட்டுக்கு நடக்கலாம்.

மொத்தம் நாற்பத்தொன்று. பி.டி. மாஸ்டர் நாற்பத்து மூன்று. கையெழுத்திட்டோம். கார்டு பெட்டிக்குள் போனது. மேட்ரன் பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தலையணை உறை எண்ண வேண்டுமென்று ஓடினாள்.

திங்கள் காலைச் சபையில்தான் அறிவிப்பு. அதுவரை முடிவு எழுதப்படாது.

அதே நாள், மாலை

நான்கு மணிக்கு மேட்ரன் வந்தாள். உட்காரவில்லை.

"அம்மா, ஏழுல எத்தனை எழுதியிருக்கீங்க?"

"நாலு."

"அஞ்சும்மா. பந்து குழிக்கு மூணு விரல் இப்பாலயே நின்னுடுச்சு. பிள்ளைங்க போனப்புறம் தட்டிவிட்டேன். உறையை எண்ணும்போது ஒவ்வொரு குழியா மனசுல ஓடுச்சு. எப்படிக் கூட்டினாலும் நாப்பத்திரண்டுதான் வருது."

"கையெழுத்துப் போடும்போது பார்க்கலையா?"

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன்."

பெட்டியைத் திறந்து கார்டை எடுத்தேன். நாலுதான்.

"நாப்பத்திரண்டுன்னாலும் நான்தானேம்மா முதல்ல வரேன்?" என்று கேட்டாள். கெஞ்சவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"முதல்ல வர்றது வேற. கார்டு வேற" என்றேன். "குறைவான எண்ணுக்குக் கையெழுத்து விழுந்துடுச்சு."

"தெரியும்மா. மேஸ்திரி சொன்னாரு. திங்கட்கிழமை தாண்டிட்டா எதுவும் பண்ண முடியாதுன்னும் சொன்னாரு. அதான் இன்னைக்கே வந்தேன்."

டீ போட்டேன். குடிக்காமல் போனாள்.

வலது கண். அந்தப் பந்து குழிக்குள் விழவில்லை என்பதை என் வலது கண் பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. கார்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஆட்டக்காரரே பொறுப்பு.

பி.டி. மாஸ்டர் வந்தார். மேட்ரன் அவரிடமும் சொல்லியிருக்கிறாள். முகம் ஒரு முழம் நீண்டிருந்தது. "அம்மா, அஞ்சுன்னு திருத்திட்டு அவங்களுக்கே குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்களுக்கு, எனக்கு, அவளுக்கு. மூணு பேர் போதாதா?"

"எனக்குக் கோப்பையே வேணாம். வீட்டுல ஏற்கெனவே நாலு இருக்கு. அதுல ஒண்ணுல என் சம்சாரம் பூண்டு போட்டு வச்சிருக்கா."

"இதுல வெங்காயம் போட்டுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அறிவிப்பை மூன்று முறை எழுதிக் கிழித்து நான்காவதை வைத்துக்கொண்டேன்: 'ஏழாம் குழியில், அடித்ததைவிடக் குறைவான எண்ணுள்ள கார்டில் கையெழுத்திட்டதால், விடுதி மேட்ரன் நீக்கம்.' ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பிப்ரவரி 16, திங்கள்

சபையில் பி.டி. மாஸ்டர் கோப்பையைப் பிணத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். மேட்ரன் கைதட்டினாள்.

மதியம் ஊழியர்கள் ஆடும் நேரத்தில் அவள் வரவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

சாப்பாட்டு மண்டபத்தில் வேதியியல் ஆசிரியை என் பக்கம் குனிந்து, "மேட்ரன் ஒரு அடியை முழுங்கிட்டாங்களாமே?" என்றாள்.

"அடித்ததைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டாள்" என்றேன்.

"பார்த்தா அப்படித் தெரியலையேம்மா. ஓய்வு பெறப்போற நேரத்துல ஆசை யாரைத்தான் விட்டுச்சு!"

அந்த எண்ணை எழுதியது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது என் வழக்கம்.

ரொட்டிக்கு வெண்ணெய் கட்டியாக இருந்தது. மேட்ரன் சிறுபிள்ளைகள் வரிசையைக் கூட்டிக்கொண்டு எங்கள் மேஜையைத் தாண்டிப் போனாள்.

பிப்ரவரி 23, திங்கள்

கண் டாக்டர். புரை என்றார். "இதோட எப்படிப் படிக்கிறீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். படிக்கவும் எழுதவும் செய்கிறேன் என்றேன். மே மாதம் அறுவைக்குத் தேதி கொடுத்தார்.

மகளிடம் சொன்னேன். கோப்பை விஷயத்தையும் சொன்னேன். "அப்போ அது உன் தப்பு இல்லைம்மா, கண்ணோட தப்பு. எல்லார்கிட்டயும் சொல்லிடேன்."

அதுவும் ஒரு வழிதான். கௌரவமான வழி. ஏனோ இன்னும் சொல்லவில்லை.

இன்றும் மதியம் அவள் வரவில்லை.

மார்ச் 2, திங்கள்

ஏழாம் குழியருகே மேஸ்திரி சருகு வாரிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் முதலில் சொல்லிப் பார்த்தேன். கண்ணில் புரை, அதனால்தான் பந்து நின்றது தெரியவில்லை, நாலு என்று எழுதிவிட்டேன் என்று.

அவர் வாருகோலை நிறுத்தவில்லை. "அன்னைக்குக் கணக்கு ஐயா கார்டுல நாலுன்னு எழுதினப்ப உங்க கண்ணு நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

"ஐயா பார்க்காம கையெழுத்துப் போட்டார்."

"அது சரி. எழுதினது யாரு?"

குழியருகே கிடந்த சருகை நானும் காலால் ஒதுக்கினேன்.

"அன்னைக்கு ஐயாவோட பையைத் தூக்கினது நான்தாம்மா. இதே குழி. இதே மாதிரி பந்து உருளுது, மணி அடிக்குது. நீங்க குனிஞ்சு எழுதிட்டீங்க. நீங்க எப்பவுமே அப்படித்தானே? மணி அடிச்சா எல்லாரும் நிப்பாங்க, உங்க பென்சில் நிக்காது. பிள்ளைங்க போனதும் எட்டைப் பார்த்து விறுவிறுன்னு போயிட்டீங்க. ஐயா அப்புறம்தான் தட்டிவிட்டாரு."

"இதை ஏன் அப்பவே சொல்லலை?"

"ஐயாகிட்ட சொன்னேன். 'அம்மா எழுதினதுதானே தப்பு, நீங்க ஏன் பேசாம இருக்கீங்க'ன்னு கேட்டேன். 'இதை அம்மாகிட்ட கேக்காதே'ன்னாரு. முப்பத்தொரு வருஷமாச்சு, கேக்கலை. இன்னைக்கு வாய் நிக்கலை. வயசாயிடுச்சு."

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜன்னலை மூடினேன்.

மார்ச் 3, செவ்வாய்

பழைய கார்டுகள் கட்டிலுக்குக் கீழே பெட்டியில், வருட வாரியாக, நூல் கட்டி. நானே கட்டியவை. இருபது நிமிடத்தில் கிடைத்தது.

ஏழாம் கட்டத்தில் நாலு. மேலே திறந்த நாலு. கான்வென்ட்டில் ஏழாம் வகுப்பு சிஸ்டர் கை முட்டியில் அடித்துக் கற்றுக்கொடுத்த நாலு. இந்தப் பள்ளியில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை. கீழே மார்க்கர் கையெழுத்து — என்னுடையது. ஆட்டக்காரர் கையெழுத்து — அவருடையது.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. ஊசியில் நூல் கோக்க விளக்கு வேண்டியதில்லை.

இதை நான் மறந்திருந்தேனா? மறந்தேன் என்று எழுத வருகிறது, எழுதினால் பொய். கார்டைச் சரிபார்த்தது நான் என்று சொல்வேன். நீக்கியது நான் என்று சொல்வேன். மார்க்கர் யார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

ஏன் சொல்லலை நீங்க? ஒரு வார்த்தை. சூப்பைக் குடிச்சுக்கிட்டு எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க? "நீதானே எழுதினே"ன்னு ஒரே ஒரு வார்த்தை — நான் என்ன, சண்டைக்கா வந்திருப்பேன்?

வந்திருப்பேன்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த வருடத்திற்குப் பிறகு எதில் கையெழுத்துப் போடுவதானாலும் விரலை வைத்து, உதடசைத்து, வரிவரியாகப் படிப்பார். மின்சாரக் கட்டண ரசீது, பார்சல் சீட்டு, மகளின் மதிப்பெண் அட்டை. தபால்காரர் வாசலில் ஒற்றைக் காலில் நிற்பார். "என்ன, பரீட்சைப் பேப்பரா திருத்தறீங்க?" என்று நான் கேலி செய்வேன். "பழகிக்கிறேன்" என்பார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் மார்க்கராக என்னைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 5, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இன்னொரு அறிவிப்பு. ஒரே தடவையில் எழுதினேன்: 'மேட்ரனின் கார்டில் ஏழாம் குழிக்கு நாலு என்று எழுதியது மார்க்கர். பந்து குழியில் விழும் முன்பே, மணி அடிக்கும்போது எழுதியது. மார்க்கர் நான். ஐந்து என்று தானாக வந்து சொன்னவர் மேட்ரன். அன்று மாலையே சொன்னார். முப்பத்தொரு வருடம் முன்பு நீக்கப்பட்ட கணக்கு வாத்தியாரின் கார்டிலும் அதே குழியில், அதே விதமாக, அதே தவறை எழுதியது நான்.' கையெழுத்து.

பிரின்சிபால் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது தேவையாம்மா? முடிஞ்சுபோன விஷயம். கண்ணுல புரைன்னு ஒரு வரி போட்டா எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க."

"கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஒட்டச் சொல்லுங்க."

"சாரைப் பத்தின கடைசி வரியாவது எடுத்துடலாமே?"

"அதுக்காகத்தான் மத்த வரியெல்லாம்" என்றேன். அது முழு உண்மையில்லை. ஆனாலும் ஒட்டினார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

மேட்ரன் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாள்தனம் இந்த வயதிலும் மிச்சமிருக்கிறது.

"எதுக்கும்மா இதை ஒட்டினீங்க?"

"உண்மை என்பதால்."

"மூணு வாரம் முன்னாடியும் அதுதானே உண்மை?" குரலை உயர்த்தவில்லை. "கார்டுல தப்பு எழுதினீங்கன்னு எனக்குக் கோபமே இல்லைம்மா. பார்க்காம கையெழுத்துப் போட்டது நான். அதை நான் தாங்கிக்குவேன். ஆனா மூணு வாரமா அந்த மண்டபத்துல ஒவ்வொரு மேஜையும் என்னைப் பார்த்து வாயை மூடிக்கிச்சு. சின்னப் பிள்ளைங்க கூட, 'மிஸ், நீங்க திருடினீங்களா'ன்னு கேட்டுச்சுங்க. நீங்க அங்கதான் உட்கார்ந்திருந்தீங்க. ரொட்டியில வெண்ணெய் தடவிட்டிருந்தீங்க."

ஆமாம், தடவிக்கொண்டிருந்தேன். எழுதியே வைக்கிறேன்.

"மன்னிச்சுடு" என்றேன். இதை நான் கடைசியாக யாரிடம் சொன்னேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். சிஸ்டரிடமாக இருக்கலாம்.

இந்த முறை டீயைக் குடித்தாள். சர்க்கரை போதவில்லை என்றாள்.

மார்ச் 14, சனி

மைதான விதிகளை முழுவதும் படித்தேன், லென்ஸ் வைத்து. கார்டு செயலாளராக இருப்பவர் பள்ளி ஊழியராக இருக்க வேண்டியதில்லை. நானே ஊழியர் அல்ல. பதவியில் இருக்கும்வரை மைதானத்தில் ஆடும் உரிமை உண்டு. முப்பத்தைந்து வருடமாக அந்த வரியை நான் பயன்படுத்தி வந்திருக்கிறேன், படித்ததில்லை.

விடுதிக்குப் போனேன். மாடிப்படியில் போர்வைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். என் பதவியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்குப் பிச்சை போடாதீங்கம்மா."

"பிச்சையில்லை, வேலை. சம்பளம் கிடையாது. சனிக்கிழமை எட்டரைக்கு வரணும். மழையானாலும் வரணும். ஆளாளுக்கு வந்து திருத்தச் சொல்லிக் கெஞ்சுவாங்க. எல்லாருக்கும் பொல்லாதவளாகணும். என்னைப் பார்த்தால் தெரியலையா?"

ஒரு போர்வையை மடித்து முடித்தாள். "எட்டரைக்கு பஸ் கிடையாது. எட்டு நாப்பதுதான்."

"எட்டு நாற்பது" என்றேன். முப்பத்தைந்து வருடத்தில் நான் விட்டுக்கொடுத்த முதல் பத்து நிமிடம்.

மார்ச் 21, சனி

உறுப்பினர் கூட்டம். நான் விலகுவதாகச் சொன்னபோது யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேர் வருத்தப்படுவதற்கு மறந்தும்விட்டார்கள். மேட்ரனின் பெயரைச் சொன்னதும்தான் சலசலப்பு.

"நீக்கப்பட்டவங்க கையிலேயே கார்டைக் குடுக்கறதா?" என்றார் பள்ளி மருந்தாளுநர்.

பி.டி. மாஸ்டர் எழுந்தார். "அஞ்சுன்னு தானே வந்து சொன்னவங்க கையில குடுக்காம, வேற யார் கையில குடுக்கறது? உங்க கையிலயா? போன வருஷம் தண்ணித்தொட்டியில விழுந்த பந்து உங்களுக்குப் பாதி அடிதானே?"

சிரித்தார்கள். பிரின்சிபால் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

ஆயுள் உறுப்பினர் பலகையில் அவள் பெயர் ஏறாது. அதைச் செய்ய யாராலும் முடியாது. விதி விதிதான்.

மார்ச் 31, செவ்வாய்

மேட்ரன் அறையைக் காலி செய்தாள். இரண்டு பெட்டி, ஒரு மட்டைப் பை.

ஏப்ரல் 4, சனி

எட்டு நாற்பதுக்கு வந்தாள். கேட்டுக்காரர் "எங்க போறே" என்று கேட்டாராம். "ஆபீசுக்கு" என்றாளாம். சல்யூட் அடித்தாரா என்று கேட்டேன். "பாதிக் கை வந்துச்சும்மா. அப்புறம் தலையைச் சொறிஞ்சுக்கிட்டாரு."

மே 14, வியாழன்

கண் கட்டைப் பிரித்தார்கள். வீட்டில் இவ்வளவு தூசியா?

மே 17, ஞாயிறு

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூன்றாம் குழியின் கொடி நேராக நிற்கிறது. ஜன்னல் சட்டம்தான் இடப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது.

மேஸ்திரியிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 13, சனி

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு முதல் ஆட்டம். விலகிய செயலாளருக்கு டிசம்பர் வரை ஆடும் உரிமை உண்டு; பெயர்ப் பட்டியலில் என் பெயரையும் எழுதினேன். ஒன்பது வருடம் கழித்து, அவருடைய மட்டைகளோடு. மார்க்கராக மேட்ரனைக் கேட்டேன். இப்போது அவள் மேட்ரன் அல்ல. பழக்கத்தில் அப்படித்தான் வருகிறது.

மோசமாக ஆடினேன். இரண்டாம் குழியில் நான் அடித்ததைப் பார்த்து மேஸ்திரி புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். துக்கம் விசாரிக்கிறாராம்.

ஏழில் ஆறு அடி ஆன பிறகு குழியருகே வந்தேன். ஏழாவதாக உருட்டினேன். பந்து போய்க்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. மட்டையைக் கீழே வைத்தேன்.

மேட்ரன் பென்சிலைப் பைக்குள் போட்டு, பையின் வாயை இழுத்துக் கட்டினாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் போனார்கள். ஒரு சின்னப் பெண் விட்டுப்போன செருப்பை எடுக்கத் திரும்பி வந்து, மேட்ரனைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, மறுபடி செருப்பில்லாமலே ஓடினாள். மேட்ரன் கூப்பிட்டாள். அவள் மறுபடி வந்தாள். ஏழு நிமிடம். இத்தனை வருடத்தில் அந்த ஏழு நிமிடத்தையும் முழுதாக நின்று பார்த்தது இன்றுதான்.

பந்து குழிக்கு இரண்டு விரல் இப்பால் நின்றிருந்தது. தட்டிவிட்டேன். விழுந்தது. அதற்குப் பிறகு அவள் பையை அவிழ்த்தாள்.

முடிந்ததும் கார்டை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்கம்மா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். முதல் கட்டத்தில் விரலை வைத்தேன். ஒன்று, ஏழு. அந்த ஏழை நினைத்துப் பார்த்தேன், சரி. இரண்டு, ஒன்பது, சரிதான், வேண்டாம். மூன்று. நான்கு. எனக்குப் பின்னால் பி.டி. மாஸ்டர் பேனாவுக்காகக் காலை மாற்றி மாற்றி நின்றார்.

"ஒன்பது நம்பர்தாம்மா" என்றார். "மனப்பாடமா பண்றீங்க?"

"பழகிக்கிறேன்" என்றேன்.

ஏழில் எட்டு. சரி.